சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர்களின் பிள்ளைகளும் புல்லட்டும்

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். மூன்று பேர் கைதானார்கள். அந்த வாரம் முழுக்க நம் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் புல்லட் படங்களைப் பகிர்ந்தார்கள். கோபம் நியாயமானது. ஆனால் அதே வாரத்தில் ஒரு மாணவி எங்களிடம் கேட்ட கேள்வி இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "ஸ்பிளெண்டரில் போயிருந்தால் விட்டிருப்பார்களா? ஏன் புல்லட்?"

விட்டிருக்க மாட்டார்கள் என்றும் சொல்லலாம், விட்டிருப்பார்கள் என்றும் சொல்லலாம். வண்டிக்கும் சாதிக்கும் உள்ள கணக்கு புல்லட்டோடு தொடங்கவில்லை. அதற்கு முன்னால் சைக்கிள் இருந்தது, அதற்கு முன்னால் குதிரை, பல்லக்கு, செருப்பு, குடை.

1930-31இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த தடைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. 1930 டிசம்பரில் எட்டுத் தடைகள். சில மாதங்கள் கழித்துப் பதினொன்று. நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில் ஒன்று, கல்யாண ஊர்வலத்தில் குதிரையில் போகக்கூடாது, வீட்டுக் கதவையே பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும், எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனத்தையும் பயன்படுத்தக்கூடாது என்கிறது. ஜே.எச். ஹட்டன் இதைத் தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். கதவைக் கழற்றி அதன் மேல் மாப்பிள்ளையை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போ என்று எழுதிவைத்தவர்கள் வாகனம் என்றால் என்ன என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். போக்குவரத்து அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. யார் உயரத்தில் உட்கார்ந்து போகிறார்கள், யார் கீழே நடக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அதற்கு ஆறேழு வருடங்களுக்கு முன்பே, 1924இல், சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின்படி பொதுச்சாலைகளும் பொதுக்கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்று அரசு ஆணை போட்டாகிவிட்டது. சட்டத்தில் சாலை நமக்கும் சொந்தம். சாலையில் போகும் விதம் மட்டும் அவர்களுக்குச் சொந்தம். பஸ் வந்தபோதும் இதே கதைதான். தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸை ரத்து செய்வேன் என்று இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் சொல்ல வேண்டி வந்தது. 1997இல் ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது அந்த பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது. ஆரணி இருக்கும் இந்தப் பகுதி 1989க்கு முன் வட ஆற்காடு மாவட்டம். பிரித்தபோது ஒரு பாதி திருவண்ணாமலை சம்புவராயர், மறு பாதி வட ஆற்காடு அம்பேத்கர். அந்த இரண்டு பெயர்களும் அப்படித்தான் போயின.

அம்பேத்கர் என்றதும் சாலிஸ்காவ் நினைவுக்கு வருகிறது. 1929இல் அவர் ஒரு விசாரணைக் குழு உறுப்பினராக கான்தேஷ் பகுதிக்குப் போயிருந்தார். சாலிஸ்காவ் ரயில் நிலையத்திலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு போக எந்த டாங்காக்காரரும் தயாராக இல்லை. பாரிஸ்டர், பேராசிரியர், ஆனாலும் மகர். மகர்வாடா மக்களுக்கு அவர் நடந்து வருவது மரியாதைக் குறைவாகப்பட்டது. டாங்காவை மட்டும் வாடகைக்கு எடுத்து, தங்களில் ஒருவரை ஓட்ட வைத்தார்கள். அந்த மனிதர் அதற்குமுன் டாங்கா ஓட்டியதில்லை. ஒரு சிறு பாலத்தில் சக்கரம் கற்களுக்கிடையில் மாட்டி அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், காயமடைந்தார். குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. இந்தச் சம்பவத்தைப் பேசும்போது எல்லோரும் டாங்காக்காரரின் சாதித் திமிரைப் பற்றியே பேசுகிறோம். சரிதான். ஆனால் அதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வண்டி கைக்கு வந்துவிட்டது, வண்டியை நடத்தும் வித்தை கைக்கு வரவில்லை. வித்தை எந்தச் சாதியிடம் இருந்தது என்பதும் சேர்ந்துதான் அன்று அவரைக் கீழே தள்ளியது.

இந்த இடத்திலிருந்துதான் புல்லட்டைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

புல்லட் என்கிற பெயரை இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1930களின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லையில் ரோந்து போக இந்திய ராணுவத்துக்கு முரட்டு வண்டி தேவைப்பட்டது. 350 சிசி புல்லட் தேர்வானது, 1950களின் முதல் பாதியில் 800 வண்டிகளுக்கு ஆர்டர் போனது. 1955இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. வடசென்னையில் திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள், பிறகு கருவிகளையும் அச்சுகளையும் வாங்கி எல்லாவற்றையும் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். 1970வாக்கில் இங்கிலாந்தில் கம்பெனியே மூடிப்போனது. திருவொற்றியூரில் மட்டும் அதே வண்டி ஏறக்குறைய அதே உருவத்தில் பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்தது. உலகத்தில் வேறெங்கும் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட ஒரு வண்டி நம் ஊரில் பால் கேன் சுமந்தது இப்படித்தான்.

அதை அன்று யார் ஓட்டினார்கள்? போலீஸ், ராணுவம், பொதுப்பணித்துறை காண்ட்ராக்டர், ரைஸ்மில் முதலாளி, நூறு காணி நிலக்காரர். ஸ்கூட்டருக்கே பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அந்த 'டப டப' சத்தம் காலனிக்குள் கேட்டால் பெரும்பாலும் சப்-இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று அர்த்தம். நம் பாட்டிமார்கள் அந்தச் சத்தத்துக்கு எழுந்து நின்ற தலைமுறை. ஆகவே அந்த மாணவியின் கேள்விக்கு ஒரு பதில் இதில் இருக்கிறது. புல்லட் அதிகாரத்தின் சத்தம். அதை நாம் எழுப்பினால் காதில் விழுகிறது.

ஆரணிக்கு வருவோம். பட்டுக்குப் பெயர்போன ஊர், 2008இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். ஆனால் 'ஆரணி ரோடு' ரயில் நிலையம் ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. ரயில் இல்லாத ஊருக்கு எல்லாமே ரோடுதான். காஞ்சிபுரத்துக்குச் சேலை போவதும், வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஆள் போவதும், தேவிகாபுரத்துத் தறிகளுக்குப் பாவு போவதும் ரோட்டில்தான். 1980க்குப் பிறகு ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்து நெசவாளிகளின் வண்டியானது. புல்லட் வேறு வழியாக வந்தது.

இந்தப் பகுதிக் காலனிகளிலிருந்து ராணுவத்துக்குப் போனவர்கள் நிறைய. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்ற கோட்பாட்டை வைத்துப் பறையர்களைப் பெரும்பாலான படைப்பிரிவுகளிலிருந்து வெள்ளையன் கழித்துக்கட்டினான். மெட்ராஸ் சாப்பர்ஸ் போன்ற சில இடங்களில் மட்டும் கதவு மூடப்படவில்லை. பாலம் கட்டுவது, ரோடு போடுவது, எந்திரம் பழுது பார்ப்பது சாப்பர்ஸ் வேலை. ராணுவத்தில் எம்.டி. வேலை பார்த்தவர், ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் பிடித்தவர், கோலார் தங்கச் சுரங்கத்தில் மிஷின் ஓட்டியவர் என்று ஒரு தலைமுறை ஊர் திரும்பியபோது பென்ஷனோடு இன்னொன்றையும் கொண்டுவந்தது. இரும்பைப் பார்த்தால் பயப்படாத கை. கேன்டீனில் சலுகை விலையில் கிடைத்த புல்லட் சிலரிடம். அரசு இலாகாக்கள் கழித்துவிட்ட வண்டியை ஏலத்தில் எடுத்தது சிலரிடம். அடிமாட்டு விலைக்கு வாங்கிய மூன்றாம் கை, நான்காம் கை வண்டிகள் மற்றவர்களிடம். எஸ்.ஐ. ஓட்டிய வண்டியே காலனிக்கு வந்து சேர்ந்த கதைகளை நாங்கள் கேட்டிருக்கிறோம். சத்தம் அதேதான், எழுந்து நிற்க வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏலத்து வண்டி ஓடாது. அதனால்தான் விலை குறைவு. அதை ஓட வைப்பது வீட்டுத் திண்ணையில் நடக்கும் வேலை. மெக்கானிக்குக் கொடுக்கக் காசு இல்லை என்பது ஒரு காரணம். ஊர்த்தெருவில் இருக்கும் பட்டறை வாசலில் மணிக்கணக்கில் நின்று, கடைசி ஆளாக நம் வண்டி கவனிக்கப்படும் அனுபவம் இன்னொரு காரணம். அப்படி ஒரு திண்ணையில், ஆரணியை அடுத்த ஒரு காலனியில், ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் எங்கள் படிப்பு வட்டத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பாடம் எடுத்தார். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். சமூகவியல் வகுப்பில் இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

பழைய வார்ப்பிரும்பு புல்லட்டின் எஞ்சின் ஒற்றை சிலிண்டர். பிஸ்டனின் குறுக்களவு 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90. நீளமாக, நிதானமாக அடிக்கும். அதுதான் அந்தச் சத்தம். இந்த வண்டியை முரட்டுத்தனமாக உதைத்தால் அது திருப்பி உதைக்கும், கணுக்கால் போகும். டேங்குக்கு முன்னால் ஹெட்லைட் மூடியில் ஒரு ஆம்பியர் மீட்டர் இருக்கிறது. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே முள்ளைப் பார்க்க வேண்டும். முள் நடுவுக்கு வந்து நிற்கும் இடத்தில் பிஸ்டன் உச்சிக்குக் கிட்டே இருக்கிறது. அங்கே இடதுகைப் பக்கம் இருக்கும் டீகாம்ப் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே மிதி. ஒல்லியான ஒரு பெண் இதை ஒரே மிதியில் செய்தாள், ஜிம்முக்குப் போகும் பையன் ஐந்தாவது மிதியிலும் செய்யவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

முள் ஏன் நடுவுக்கு வருகிறது? இந்தக் கேள்வியைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார். மெக்கானிக்குகள் 'பிளாட்டினம்' என்று சொல்லும் காண்டாக்ட் பாயின்ட் மூடியிருக்கும்போது பேட்டரியிலிருந்து கரண்ட் காயிலுக்குப் போகிறது, முள் ஒரு பக்கம் சாய்கிறது. பாயின்ட் திறந்ததும் கரண்ட் அறுகிறது, முள் நடுவுக்கு வருகிறது, அந்த அறுபடும் கணத்தில்தான் பிளக்கில் பொறி அடிக்கிறது. அந்த இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் இல்லாத காலத்தில் கண்ணளவில் வைத்தவர்கள் உண்டு. பாயின்ட் எந்த இடத்தில் திறக்கிறது என்று பார்க்க இரண்டு முனைக்கும் நடுவே சிகரெட் சுற்றும் மெல்லிய தாளை வைத்து லேசாக இழுத்துக்கொண்டே எஞ்சினைச் சுற்றுவார்கள். தாள் நழுவும் நொடியில் டைமிங் தெரிந்துவிடும். பாயின்டில் கரி பிடித்தால் நைசான உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. மழைக்காலத்தில் வண்டி நின்றுபோனால் பத்தில் எட்டு முறை இதுதான் வியாதி.

டேப்பெட் அடுத்தது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் அழுத்தக்கட்டத்து உச்சியில் நிற்க வேண்டும். சிலிண்டரின் வலதுபக்கம் அடியில் ஒரு சிறு மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடுகள் தெரியும். அவற்றை இரண்டு விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அளவு என்று ஒன்று இல்லை, விரல்தான் அளவு. பிள்ளைகளில் ஒருவர் தறிக்காரர் வீட்டில் பாவு பிணைக்கும் வேலைக்குப் போயிருந்தவர். அறுந்த இழையைத் தொட்டு இழுவிசை பார்ப்பது மாதிரியே இருக்கிறது என்றார். சரியாகத்தான் சொன்னார். அந்த விரலறிவு இந்த ஊரில் நிறைய இருக்கிறது, பெயர்தான் சிலருக்கு மட்டும் போகிறது. பறையர்களிலும் நெசவு செய்தவர்கள் இருந்ததை வெள்ளைக்காரர் காலத்துப் பதிவுகள் சொல்கின்றன. ஆனால் பட்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் முகங்களில் அவர்கள் இல்லை.

இதில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. தறி சாதியோடு வந்தது. உலை, சக்கரம், கத்தி, பறை எல்லாமே சாதியோடு வந்தன. மோட்டார் பட்டறை மட்டும் சாதிப்பெயர் ஒட்டாமல் வந்த தொழில். அப்பன் சொத்தாக ஸ்பேனர் யாரிடமும் இல்லை. பன்னிரண்டு வயதில் பட்டறையில் சேர்ந்து டீ வாங்கி வந்து, மண்ணெண்ணெயில் பாகம் கழுவி, அடி வாங்கித்தான் எல்லாச் சாதிப் பையன்களும் கற்றுக்கொண்டார்கள். குழந்தைத் தொழிலை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. சொல்ல வருவது வேறு. வருணம் எழுதி முடிக்காத ஒரு வேலை இது, அதனால் நமக்கும் உள்ளே நுழைய ஒரு சந்து கிடைத்தது. சாதி உடனே பின்னாலேயே வந்துவிட்டது என்பதும் உண்மை. இன்று பட்டறையின் இடம் யாருடையது, மார்க்கெட் தெருவில் வாடகைக்கு யாருக்குக் கொடுப்பார்கள், ஸ்பேர்ஸ் கடையில் யாருக்குக் கடன் கிடைக்கும் என்று பாருங்கள். ஒர்க்‌ஷாப்புகளின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயர்களையும், ஒட்டியிருக்கும் தலைவர் படங்களையும் பார்த்தாலே தெரியும். பெரிய பட்டறை ஊரில், திண்ணைப் பட்டறை காலனியில்.

இன்னொரு வரலாறும் சேர்ந்தே ஓடுகிறது. 1995 ஆகஸ்டில் தூத்துக்குடி பக்கம் கொடியன்குளத்துக்குள் போலீஸ் நுழைந்தபோது, வளைகுடாப் பணத்தில் கொஞ்சம் நிமிர்ந்திருந்த அந்த ஊரில் எதையெல்லாம் உடைத்தார்கள் என்று படித்துப் பாருங்கள். டிவி, ஃபேன், தையல் மிஷின், சைக்கிள், டிராக்டர். பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டுகளையும் போட்டு எரித்தார்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகளோடு பைக்குகளையும் கொளுத்தினார்கள். 2018 மார்ச்சில் குஜராத் பாவ்நகர் மாவட்டத்தில் குதிரை வைத்திருந்த தலித் இளைஞர் கொல்லப்பட்டார். அடிப்பவனுக்கு எதை அடிக்க வேண்டும் என்று தெரிகிறது. கொடியன்குளத்துத் தையல் மிஷினும் நத்தத்துப் பைக்கும் வெறும் பொருளாக இருந்தால் கொள்ளையடித்துக்கொண்டு போயிருப்பார்கள். எரித்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இப்போது நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. 2010ஐ ஒட்டிப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் நின்றுபோனது. பாயின்ட் போய் எலக்ட்ரானிக் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு கார்புரேட்டரும் போய்விட்டது. புது வண்டியைத் திண்ணையில் திறந்தால் பார்க்கலாம், தொட முடியாது. கம்ப்யூட்டர் மாட்டி நோய் கேட்க வேண்டும், அந்தக் கருவி ஷோரூமில் இருக்கிறது. நம் பையன்கள் இஎம்ஐயில் எடுக்கும் புல்லட் இதுதான். வண்டி கைக்கு வருகிறது, வித்தை மறுபடி வேறு இடத்துக்குப் போகிறது. சாலிஸ்காவை இங்கே வலிந்து இழுக்கிறோம் என்று சிலர் சொல்லக்கூடும். மாதத் தவணை கட்ட முடியாமல் இரண்டு வருடத்தில் பைனான்ஸ்காரர் தூக்கிக்கொண்டு போன வண்டிகளை இந்தப் பகுதியில் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதே நேரத்தில் பழைய வண்டிக்கு நகரத்துக்காரர்களிடம் மவுசு ஏறி, ஏலத்தில் கழித்துவிட்ட வண்டிக்கு லட்சங்களில் விலை சொல்கிறார்கள். நம் திண்ணைகளிலிருந்து அவை மெல்லப் போய்க்கொண்டிருக்கின்றன. விற்கிறவரைக் குறை சொல்ல முடியாது. மகள் நர்சிங் ஃபீஸ் கட்ட வேண்டும்.

வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏலம், நான்காம் கை, சொந்தக்காரரிடம் வாங்கியது என்று வந்த வண்டிகள் பலவற்றின் ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் முதல் கை ஆளின் பெயரே இருக்கிறது. படிவம் 29, 30 நிரப்பிப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். வேறு ஆர்.டி.ஓ. எல்லையில் பதிவான வண்டி என்றால் முதலில் அங்கே படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. வண்டியை எரித்தபின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கேட்டு நிற்கும்போது, அதிகாரி முதலில் கேட்பது வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டையும் போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். திருவண்ணாமலை டிஎன் 25 வண்டிகளுக்குப் பெயர் மாற்றப் படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் படிப்பு வட்டத்துக்கு ஞாயிறு காலை வாருங்கள். ஸ்பேனர் செட் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், எங்களிடம் பதினான்கு சைஸ் ரிங் ஸ்பேனர் காணாமல் போய்விட்டது.